கரப்பான், எறும்பு, கொசுவுக்கு வாசனைத் தைலம்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு வாசகியின் கேள்வி இது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் இருக்கின்றன. சமையலறையில் கரப்பான், மேடையில் எறும்பு, சாயங்காலமானால் கொசு. குழந்தை தரையில் தவழ்வதால் மருந்து ஸ்ப்ரே அடிக்க மனம் வரவில்லை. புதினா எண்ணெய், கிராம்புத் தைலம், லெமன்கிராஸ், யூகலிப்டஸ் என்று வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நிஜமாகவே வேலை செய்யுமா, எதை எவ்வளவு கலப்பது, குழந்தைக்கு ஆபத்து உண்டா என்று கேட்கிறார்.

பூச்சியியல் படித்து, வீட்டுப் பூச்சிக் கட்டுப்பாட்டிலேயே வேலை பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தைலங்கள் வேலை செய்யும். ஆனால் எந்த இடத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன். பூச்சியின் மேல் நேராகப் பட்டால் கொல்லும். ஆவி வெளியே போகாத அடைப்பான இடத்தில் வைத்தால் பூச்சியை நெருங்க விடாது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில், அதாவது காற்றோட்டமான அறையில் மூலைக்கு மூலை தெளித்து வைத்தால், வீடு மணக்கும். அவ்வளவுதான்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் எந்த வீடியோவை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். தன்னைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்து தப்பிக்கச் செடிகள் சேர்த்து வைக்கும் பொருள்கள்தான் இந்தத் தைலங்களில் இருக்கின்றன. கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், யூகலிப்டஸில் சினியோல், ஆரஞ்சுத் தோலில் லிமோனின். பூச்சியின் உடலில் ஆக்டோபமின் என்று ஒரு பொருள் உண்டு. அதன் இதயத் துடிப்பு, நடை, பறத்தல் எல்லாவற்றையும் முடுக்கிவிடுவது அதுதான். யூஜெனால் போன்றவை அந்த ஆக்டோபமின் வேலை செய்யும் இடத்தில் புகுந்து குழப்புகின்றன. பூச்சி தாறுமாறாக ஓடும், கால்கள் துடிக்கும், பிறகு மல்லாந்து விழும். லிமோனின் போன்றவை பூச்சியின் உடல்மேல் இருக்கும் மெழுகுப் படலத்தையும் கரைக்கின்றன. அந்தப் படலம் போனால் பூச்சி உடலின் ஈரம் வற்றிச் செத்துவிடும். மனிதர்களின் உடலில் ஆக்டோபமினுக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. இந்தத் தைலங்கள் நமக்கு ஓரளவு பாதுகாப்பானவை என்று சொல்லப்படுவது அதனால்தான். முழுக்கப் பாதுகாப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

இவற்றின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆவியாவதால்தான் மூக்குக்கு எட்டுகிறது, பூச்சியின் மூச்சுத் துளைகளுக்குள் போகிறது, சந்துக்குள் இருக்கும் பூச்சியையும் தொடுகிறது. அதே காரணத்தால்தான் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில், ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடுகிறது. கடையில் வாங்கும் ரசாயன ஸ்ப்ரே சுவரில் படிந்து வாரக்கணக்கில் இருக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அப்படிப் படிந்து கிடக்காதது நல்லதுதான். ஆனால் திங்கட்கிழமை தெளித்த புதினா எண்ணெய் வியாழக்கிழமை வருகிற கரப்பானை ஒன்றும் செய்யாது.

வேப்பெண்ணெய் இந்த வகையைச் சேர்ந்ததே இல்லை. அது விதையைச் செக்கிலிட்டுப் பிழிந்தெடுக்கும் கெட்டியான எண்ணெய், லேசில் ஆவியாகாது. பயிரில் தெளிக்கும்போது பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரிக்க விடாமலும் தடுத்துப் பலன் தருகிறது. வீட்டுச் சுவரில் பூசினால் கறைதான் மிஞ்சும்.

சரி, கரப்பானுக்கு வருவோம். உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கரப்பான் என்று முதலில் பாருங்கள். இரண்டு வகை உண்டு. கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பாக, பாத்ரூமில் தண்ணீர் வடியும் ஜாலி வழியாக ஏறிவந்து சில சமயம் பறக்கவும் செய்கிறது பாருங்கள், அது பெரிய கரப்பான். அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். அதன் குடித்தனம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும்தான், உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக மட்டும் வருகிறது. இன்னொன்று சுமார் அரை அங்குலம்தான் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். மிக்ஸிக்கு அடியில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கத்தில், அலமாரிக் கீலில் கூட்டம் கூட்டமாக இருக்கும். இதன் பெயர் ஜெர்மன் கரப்பான். பெயரில் ஜெர்மனி இருந்தாலும் பூர்வீகம் நம் பக்கம்தான். இந்தியா, மியான்மர் பகுதியில் இருந்த ஓர் ஆசியக் கரப்பானிலிருந்து சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வந்தது என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. மனிதர்கள் வாழும் கட்டடங்களை நம்பித்தான் இது பிழைக்கிறது. தாய் முட்டைப் பையைப் பொரிக்கும் வரை தன் பின்னாலேயே சுமந்து திரியும். ஒரு பையில் 30 முதல் 40 குஞ்சுகள் வரும்.

பெரிய கரப்பான் என்றால் தைலம் உங்களுக்குக் கை கொடுக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம், ஒரு டீஸ்பூன் கிராம்புத் தைலம் அல்லது லெமன்கிராஸ் தைலம். இது ஏறக்குறைய ஒரு சதவீதக் கலவை. சோப்பு இல்லாமல் கலந்தால் தைலம் மேலே மிதக்கும். முதல் தடவை வெறும் தண்ணீரும் கடைசித் தடவை சுத்தத் தைலமும்தான் வரும், அது தோலில் பட்டால் எரியும். சோப்பு போட்டாலும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கரப்பானைக் கண்டதும் அதன் மேலேயே படும்படி, முடிந்தால் வயிற்றுப் பக்கம் படும்படி அடியுங்கள். மூச்சுத் துளைகள் உடலின் இரண்டு பக்கமும் ஓரத்தில் இருக்கின்றன. சோப்புத் தண்ணீரே அந்தத் துளைகளை அடைத்துவிடும், தைலம் அதைத் துரிதப்படுத்தும். அதைவிட முக்கியமானது, ஜாலிக்கு மேல் கண்ணி சின்னதாக இருக்கும் ஒரு வலையைப் பதிப்பதும், வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் இருக்கும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைப்பதும். வழியை அடைத்தால் விருந்தாளி வராது.

சின்னக் கரப்பான் என்றால் தைலத்தைக் கையில் எடுக்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் விஷயம் கெட்டுப்போகிறது. புதினா எண்ணெயை அலமாரிக்குள் தெளித்ததும் அங்கிருந்த கரப்பான்கள் மாயமாகிவிடும். எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். அவை சாகவில்லை, வாடைக்குப் பயந்து இடம் மாறியிருக்கின்றன: ஸ்விட்ச் போர்டுக்குள், ஃபிரிட்ஜ் கதவின் ரப்பருக்குள், பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள். முன்பு ஒரே இடத்தில் இருந்த கூட்டம் இப்போது நாலு இடத்தில் இருக்கும். வாடை போனதும் திரும்பி வரும்.

இதற்கு ஜெல் மருந்துதான் சரி. இமிடாக்ளோபிரிட் அல்லது ஃபிப்ரோனில் கலந்த இனிப்பான பசை, ஊசி போன்ற குழாயில் வரும். துவரம்பருப்பு அளவுக்கும் குறைவான புள்ளிகளாகக் கீல் இடுக்கு, டிராயரின் பின்பக்கம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் என்று குழந்தையின் விரலும் பூனையின் நாக்கும் எட்டாத இடங்களில் வைக்க வேண்டும். கரப்பான் தின்றுவிட்டுக் கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றவையும் சாகும். ரசாயனம் வேண்டாம் என்று கேட்டவருக்கு ரசாயனத்தைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். காற்றில் கலக்காத, தரையில் படாத, மிகக் கொஞ்ச அளவு மருந்து இது. அறை முழுக்கத் தினமும் தைலம் அடிப்பதைவிட உங்கள் குழந்தையின் மூச்சுக்கு இது நல்லது. ஜெல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் எந்தத் தைலத்தையும், வாசனை ஃப்ளோர் கிளீனரையும் கொண்டுபோகாதீர்கள். வாடை பட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. ஜெல்லும் வைத்து லெமன்கிராஸும் தெளித்துவிட்டு இரண்டுமே உதவவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

எறும்புக்குத் தைலம் நல்ல துணை. எறும்புகள் சாரையாகப் போவது முன்னால் போன எறும்பு தரையில் விட்டுச் சென்ற வாசனைத் தடத்தைப் பிடித்துத்தான். அந்தத் தடத்தை அழித்துவிட்டு அதன் மேல் வலுவான வேறொரு வாடையைப் பூசினால் சாரை குலைந்துவிடும். மேலே சொன்ன கலவையைத் துணியில் நனைத்து, சாரை வந்த வழியை ஆரம்பம் முதல் சுவர் ஓட்டை வரைக்கும் துடையுங்கள். கிராம்புத் தைலமும் புதினாத் தைலமும் இதற்கு நன்றாக எடுக்கும். தடத்தை அழிப்பதில் பாதி வேலை சோப்புக்குத்தான். ஆனால் சோப்பு மட்டும் போட்டால் அதே வழியில் சீக்கிரம் புதுச் சாரை போட்டுவிடும். தைலம் அந்த வழியை ஒரு நாள், இரண்டு நாள் மறித்து வைக்கும். அதற்குள் ஓட்டையை அடைத்துவிட வேண்டும். புற்று சுவருக்குள்ளேயே இருந்தால் தைலம் அங்கே எட்டாது. சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சதவீதம் போரிக் அமிலம் கலந்து, மூடியில் துளையிட்ட டப்பாவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் வேலைக்கார எறும்புகள் அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கும் ஊட்டிவிடும். அளவைக் கூட்டிவிடாதீர்கள். அதிகமானால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது.

கொசு விஷயத்தில்தான் நான் அதிகம் கவலைப்படுவது, ஏனென்றால் இங்கே தவறினால் டெங்கு. சிட்ரோனெல்லா என்ற புல்லின் தைலம் பழைய மருந்து. டீட் என்ற ரசாயனம் வருவதற்கு முன் உலகம் முழுக்கக் கொசுவுக்குப் பூசியது பெரும்பாலும் அதைத்தான். இலங்கையின் தென்பகுதியில் ஒரு காலத்தில் ஏராளமாக வடித்து ஏற்றுமதி செய்தார்கள். இன்றும் அந்தப் புல்லில் இரண்டு ரகம் உண்டு, இலங்கை ரகம், ஜாவா ரகம் என்று. ஜாவா ரகத்தில் சிட்ரோனெல்லால் என்ற சரக்கு பல மடங்கு அதிகம், வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். லெமன்கிராஸும் சிட்ரோனெல்லாவும் ஒரே குடும்பத்துப் புற்கள்தான், ஆனால் தைலம் வேறு வேறு. வாடை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு.

அது எவ்வளவு நேரம் காக்கும்? அமெரிக்க மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2002-இல் வந்த ஒரு சோதனை இதற்கு நேரான பதில் தருகிறது. கொசுக்கள் இருக்கும் கூண்டுக்குள் பூசிய கையை நீட்டி, முதல் கடி விழும் வரை நேரம் பார்த்தார்கள். 23.8 சதவீத டீட் பூசிய கை சராசரியாக 301 நிமிடம் தாங்கியது. சிட்ரோனெல்லா கலந்த பொருள்கள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மருந்து ஊறிய கைப்பட்டைகளால் பயனே இல்லை. குழந்தைகள் கையில் மாட்டிவிட இன்றும் வண்ண வண்ணமாக விற்கிறார்களே, அதே கைப்பட்டைதான். பட்டை கட்டிய மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கடிக்காத கொசு முழங்காலில் கடிக்கும்.

அதனால் சிட்ரோனெல்லா வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர்கள் மாலையில் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் உட்காரும்போது, 100 மில்லி தேங்காயெண்ணெயில் 2 மில்லி தைலம் கலந்து கை காலில் பூசிக்கொள்ளலாம். தேங்காயெண்ணெய் தைலத்தை மெதுவாக ஆவியாக விடும். சொட்டுக் கணக்கில் 2 மில்லி என்பது சுமாராக 40 சொட்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள், கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திணறும். டெங்கு பரவும் மாதங்களில் குழந்தையைக் காக்க இது போதவே போதாது. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, மூடாத தொட்டி இவற்றில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பது முக்கியம், ஏனென்றால் டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

தாவரத்திலிருந்து வருபவற்றில் ஒன்று மட்டும் டீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸ் மரம் ஒன்று உண்டு. அதன் தைலத்தைப் பதப்படுத்தி எடுக்கும் பிஎம்டி என்ற பொருள் அது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் டீட்டோடு சேர்த்து அதையும் பரிந்துரைக்கிறது. ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது என்றும் சொல்கிறது, எனவே உங்கள் குழந்தைக்கு ஆகாது. நம் ஊட்டியில் விற்கும் நீலகிரித் தைலம் இது இல்லை. அது வேறு யூகலிப்டஸ், அதில் இருப்பது சினியோல். சளிக்கு ஆவி பிடிக்க உதவும், கொசுவை அவ்வளவாக விரட்டாது.

கொசு லிக்விட் தீர்ந்துபோன பாட்டிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் ஊற்றி மறுபடி மாட்டும் வீடியோ வீட்டுக்கு வீடு போயிருக்கிறது. செய்யாதீர்கள். அந்தத் திரியும் சூடேற்றியும் ஒரு குறிப்பிட்ட மெல்லிய கரைப்பானுக்காக அமைத்தவை. வேப்பெண்ணெய் கெட்டியானது, திரியில் ஒழுங்காக ஏறாது, ஏறியது கருகும். மூடிய அறையில் தூங்குகிற குழந்தை அந்தப் புகையைத்தான் இரவெல்லாம் சுவாசிக்கும். கற்பூரமோ எளிதில் தீப்பிடிக்கும் பொருள். ‘மூலிகை’ என்று எழுதி விற்கும் கொசு ஊதுபத்திகளிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் பதிவு பெறாத ரசாயனங்கள் கலந்த பத்திகள் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. பூச்சி மருந்து எதுவானாலும் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய வாரியத்தில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை அட்டையில் அச்சிட வேண்டும். எண் இல்லாத பத்தியை வாங்காதீர்கள்.

தைலங்கள் தங்கள் முழு மதிப்பைக் காட்டுவது அடைப்பான இடங்களில்தான்: பீரோ, டிரங்குப் பெட்டி, புத்தக அலமாரி. இது நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் அறிவு. ஓலைச்சுவடிகளை எலுமிச்சைப்புல் தைலம் தடவித் துடைத்து வைப்பார்கள். ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்துக் கற்பூரம் கலந்து, துணியில் முடிந்து சுவடிகளுக்கு நடுவே வைக்கும் வழக்கம் உண்டு. அத்தனையும் ஆவியாகும் எண்ணெய் நிறைந்த சரக்குகள். மூடிய அலமாரிக்குள் அந்த ஆவி தங்கி நிற்கிறது, அதனால் பலிக்கிறது. இதே முடிச்சை ஹாலில் தொங்கவிட்டால் பலிக்காது.

உங்கள் வீட்டில் அந்துருண்டை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு இந்த முறைக்கு மாறுங்கள். அந்துருண்டை என்பது நாஃப்தலின். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலையும் கடும் சோகையும் வரலாம். அந்தக் குறை இருப்பது சோதித்தால்தான் தெரியும். வெள்ளையாக உருண்டையாக இருப்பதால் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் வேறு. அதற்குப் பதில் துணிகளை நல்ல வெயிலில் காயவைத்து, ஆறியதும் மடித்து, அலமாரி மூலையில் ஒரு சிறு மூடிபோட்ட, துளையிட்ட டப்பாவுக்குள் பஞ்சில் ஐந்தாறு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டு வையுங்கள். தைலம் துணியில் நேராகப் பட்டால் கறை விழும், பட்டுப் புடவை என்றால் போச்சு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சொட்டுகளைப் புதுப்பிக்க வேண்டும். கடலூர்ப் பக்கத்து வெட்டிவேர்க் கட்டு கிடைத்தால் அதையும் வைக்கலாம், மணம் நெடுநாள் நிற்கும். புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு ஈரம் வேண்டும். அதனால் ஈரச் சுவரை ஒட்டியிருக்கும் அலமாரியைக் கொஞ்சம் தள்ளி வைப்பதும் தைலம் அளவுக்கு உதவும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அரிசி வண்டுக்குத் தைலம் வேண்டாம். வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது, வாடை பட்டு வெளியே இருப்பது ஓடினாலும் உள்ளே இருப்பது வளரும். அரிசியும் சாப்பிட முடியாதபடி மணக்கும். வாங்கியதும் வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். கொஞ்சமாக இருந்தால் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். கரையானுக்கும் தைலம் வேண்டாம். வெட்டிவேர்த் தைலத்தில் இருக்கும் நூட்கடோன் என்ற பொருள் கரையானை விரட்டுகிறது என்று அமெரிக்காவின் லூசியானாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் புற்று மண்ணுக்கடியில் இருக்கும்போது கதவு நிலையில் பூசி என்ன பயன்? அதற்கு ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூட்டைப்பூச்சிக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. அது வழக்கமான மருந்துகளுக்குப் பழகிப்போய்ச் சாகாமல் நிற்கும் பூச்சி. தைலம் வேறு வழியில் தாக்குவதால் இங்கே கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தாவரத் தைலம் கலந்தவை ஒன்பது, சோப்பு வகை இரண்டு என்று 11 தயாரிப்புகளைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். பூச்சியின் மேல் நேராகத் தெளித்தபோது இரண்டே இரண்டுதான் 90 சதவீதத்துக்கு மேல் கொன்றன. ஒன்றில் ஜெரானியாலும் சிடார் சாறும், இன்னொன்றில் புதினாவும் கிராம்பும் இருந்தன. தைலம் கலந்த மற்றவற்றிலும் கிட்டத்தட்ட அதே வகைத் தைலங்கள்தான். தைலத்தின் பெயரைவிட அதைக் கலக்கும் விதம் எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரிகிறது. கிராம்பு, புதினா, லெமன்கிராஸ் போன்ற தைலங்களை அமெரிக்க அரசு 1996-இல் பூச்சிமருந்துப் பதிவிலிருந்து விலக்கிவிட்டது. ஆபத்து குறைவு என்பதற்காகக் கொடுத்த விலக்கு அது. அதை வைத்து, பலன் நிரூபிக்கப்பட்டது போல விளம்பரம் செய்கிறார்கள்.

வாங்கும்போது பாட்டிலில் செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃபிராகரன்ஸ் ஆயில்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் வாசனைக் கலவை, பூச்சிக்கு உதவாது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஒரு நாள் வையுங்கள். கிராம்பு, யூகலிப்டஸ், லெமன்கிராஸ் போன்ற நல்ல தைலம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் பறந்துவிடும். எண்ணெய் வட்டம் அப்படியே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள். கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், இருட்டான இடத்தில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். யூகலிப்டஸ், ஆரஞ்சு போன்றவற்றின் ஆவி 50 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு எரியும்போது ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள்.

இனி குழந்தையும் பூனையும். பூனையின் ஈரலில் இந்தத் தைலங்களை உடைத்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு. நமக்கும் நாய்க்கும் ஒரு நாளில் கழிந்துவிடுவது பூனையின் உடம்பில் தங்கிச் சேரும். டீ ட்ரீ, கிராம்பு, புதினா, யூகலிப்டஸ், ஆரஞ்சு எல்லாமே அதற்கு ஆகாதவை. நீங்கள் தரையைத் துடைத்தால் அது பாதத்தில் ஒட்டும், பூனை பாதத்தை நக்கும். அதனால் உங்கள் வீட்டில் தரை துடைக்கும் தண்ணீரில் தைலம் கலக்க வேண்டாம், தைலத்தை ஆவியாக்கி அறையில் பரப்பும் டிஃப்யூசரும் வேண்டாம். எறும்புத் தடத்தைத் துடைத்தால் அரை மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள், அதுவரை பூனை வேறு அறையில் இருக்கட்டும். எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, நடுங்குவது தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். பூனையின் மேல் உண்ணிக்கென்று எந்தத் தைலத்தையும் பூசாதீர்கள்.

குழந்தையைப் பொறுத்தவரை, மூக்குக்குக் கீழேயோ முகத்திலோ யூகலிப்டஸ், புதினா, கற்பூரம் எதையும் தடவக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு அது தொண்டையை இறுக்கி மூச்சை நிறுத்திவிடலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பாட்டில்தான். யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கற்பூரமும் அப்படித்தான், பூஜை அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். கிராம்புத் தைலம் ஈரலைக் கெடுக்கும். தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். வாந்தியில் வரும் தைலம் நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசமாகும். வாயைத் துடைத்துவிட்டு, குழந்தை சாதாரணமாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்காமல், 108-ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.